திரும்பி வந்த வழித்தடம்

அன்புள்ள அக்காவுக்கு, வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? சொல்ல வேண்டியவை:

1. நான் நலம்.
2. வேலையில் ஒரு சிறு சிக்கல்.
3. மூடிய கிளை அலுவலகத்தில் யாரும் இல்லை.

ஒரு வாடிக்கையாளரின் கிளைகள் தங்களுக்குள் தொடர்புகொள்ள, எங்கள் நிறுவனத்தின் தனிக் கணினி வலையமைப்பில், தகவலும் பேச்சும் செல்லும் வழித்தடங்கள் அமைத்துத் தருகிறேன். ஒரு கிளையை மூடி, மின்சாரத்தையும் துண்டித்துவிட்டார்கள். அதன் வழித்தடத்தை அழித்தேன். தானாகத் திரும்பி வந்தது. என் பிழையாக இருக்கும் என்று வரிவரியாகச் சரிபார்த்து மறுபடி அழித்தேன். மறுபடியும் வந்தது.

"பெரியவரே, செத்த பாம்பை அடிக்க இத்தனை நாளா? இன்னைக்கு முடிக்கலைன்னா மூட்டையைக் கட்டுங்க" என்று மேலாளர் சிரித்தார்.

சோதித்துப் பார்க்க, அதே வழித்தடத்தில் இயங்கிய அந்தக் கிளையின் தொலைபேசிக்கு அழைத்தேன். யாரோ எடுத்தார்கள்.

"ஐயா, நீங்கதானா? இன்னொரு தடவை அழிச்சிடாதீங்க. திரும்பி வர்றது ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றது ஒரு பெண்குரல்.

பயப்படாதீர்கள், ஏதோ கோளாறாக இருக்கும். என் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். போன் செய்தால், நான் எடுத்ததும் அது நீங்கள்தான் என்று தெரியும்படி முதலில் "தம்பி" என்று நீங்களே பேசிவிடுங்கள்.

மேலாளர் கூப்பிடுகிறார். நான் அழிக்கப்போவதில்லை, வேலை போனால் ஊருக்கு வந்துவிடுகிறேன். மூன்றாவதாக எழுதியது தவறு, அக்கா. அங்கே ஆள் இருக்கிறது.

உங்கள் தம்பி