சூரியனும் வேண்டும், முகமும் வேண்டும்

என் அன்புக்கும் சண்டைக்கும் உரியவருக்கு,

கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியோடு வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அதற்கு இன்னும் ஏழு மாதம் கிடக்கிறது. அத்தனை நாள் ஒரு விஷயத்தை மனசுக்குள் பூட்டி வைக்க என்னால் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் காமிராவைத் தொட்டேன். தொட்டது மட்டுமில்லை, ரோல் போட்டு, விடிகாலையில் கடற்கரைக்குக் கொண்டுபோய், நம் மகள் ஆக்னஸைச் சூரியோதயத்துக்கு முன்னால் நிறுத்திப் படமும் எடுத்தேன். நீங்கள் போன இந்த மூன்று வருஷமும் அலமாரிக்குள் கிடந்த காமிராதான். லென்ஸில் பூஞ்சை ஏறவில்லை, பயப்பட வேண்டாம். மாதம் ஒருமுறை எடுத்து வெயில் காட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். ஆக்னஸ் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டாள். நான் தையல் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள். வரன் பார்க்கத் தொடங்கினோம். வரன் என்றால் முதலில் கேட்பது போட்டோதானே?

என் அக்கா வந்து உட்கார்ந்துகொண்டாள். "செலின், ஸ்டூடியோவுல கொஞ்சம் வெளுப்பாப் போட்டுத் தரச் சொல்லு. இருக்கிற கலர்ல அனுப்புனா கவரப் பிரிச்ச கையோட மூடி வச்சிடுவாங்க" என்றாள். அக்காவைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு ஆக்னஸ் மேல் உயிர். ஆனால் நானும் தலையை ஆட்டினேன், பாருங்கள். எனக்கு நடந்ததெல்லாம் தெரிந்தும் ஆட்டினேன். அதை உங்களிடம் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

ஸ்டூடியோக்காரர் பவுடர் அப்பி, இரண்டு பெரிய விளக்கைப் போட்டு, பிறகு நெகட்டிவில் டச்சப் வேறு செய்து கொடுத்தார். படத்தில் இருந்தது நல்ல அழகான பெண்தான். யார் வீட்டுப் பெண் என்றுதான் தெரியவில்லை.

திருவாரூரிலிருந்து வந்தார்கள். ஆக்னஸ் காபியோடு கூடத்துக்கு வந்ததும் பையனுடைய அம்மா கைப்பையைத் திறந்து அந்தப் போட்டோவை எடுத்தார். அதைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "போய் லெட்டர் போடறோங்க" என்றார்கள். பலகாரத்தை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். லெட்டர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அன்று ஆக்னஸ் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் செய்யத் தெரியும். தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அம்மா, இனிமே யாரோ ஒருத்தி போட்டோவ என் போட்டோன்னு அனுப்பாதீங்க. அவள எதிர்பார்த்து வந்துட்டு என்னப் பார்த்தா அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றாள்.

நம் கதையும் இதுதானே. நீங்கள் பெண் பார்க்க வந்தபோது கையில் இருந்த என் போட்டோவும் சுண்ணாம்பு அடித்ததுதான். என்னைப் பார்த்தீர்கள், போட்டோவைப் பார்த்தீர்கள், முகம் கடுத்துப் போயிற்று. நான் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு, பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நின்றேன். பிறகு ஏனோ சம்மதம் என்று சொல்லிவிட்டீர்கள். உங்கள் அம்மா மட்டும் மனசில் வைத்திருந்து, "போட்டோவுல ஒண்ணு, நேர்ல ஒண்ணு" என்று சாகிற வரைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏன் சம்மதித்தீர்கள் என்று கேட்டபோதெல்லாம், "காபி நல்லா இருந்திச்சு" என்று மழுப்பினீர்கள்.

அப்புறம் வந்தது இந்தக் காமிரா. பிரான்சிலிருந்து லீவில் வந்த உங்கள் அண்ணன், தான் வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆக்னஸுக்கு அப்போது ஆறு வயசு இருக்கும். மின்துறையில் பகலெல்லாம் மீட்டர் பார்த்தது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை காமிராவில் வெளிச்சம் அளக்கிற மீட்டரையும் பார்க்கக் கிளம்பினீர்கள். ஊரெல்லாம் முதல் பூசைக்குப் போகும், நீங்கள் என்னை இழுத்துக்கொண்டு அரசலாறு கடலில் விழும் இடத்துக்குப் போவீர்கள். பிரசங்கம் பாதியில் இருக்கும்போது காலெல்லாம் மணலோடு கோயிலுக்குள் நுழைவோம். சாமியார் பேச்சை நிறுத்திவிட்டு நம்மைப் பார்ப்பார். அந்த மானம் போன கணக்கை இன்னும் நான் மறக்கவில்லை.

என்னைக் கடலுக்கு முன்னால் நிறுத்துவீர்கள். காமிராவுக்குள் இருக்கும் அந்த மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும்வரை திருகுவீர்கள். முள் பார்த்தது சூரியனை. சூரியன் எத்தனை வெளிச்சமோ அதற்குத் தக்கபடி எல்லாவற்றையும் இறக்கிவிடும். படம் கழுவி வந்தால் சூரியன் பலாச்சுளையாக இருக்கும், அலை விளிம்பெல்லாம் மின்னும். நடுவில் நான் இருப்பேன், முழுக்கரியாக. கண் இல்லை, மூக்கு இல்லை. அப்படி எட்டுப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினீர்கள். வருகிறவர்கள் "நல்ல படங்க. இது யாரு?" என்று கேட்பார்கள். நான் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஒன்பதாவதுக்கு ஆணி அடித்த அன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, என் மூஞ்சி தெரியக் கூடாதுன்னுதானே இப்படி எடுக்குறீங்க? சொல்லிட்டா நான் வராமலே இருந்துடுறேன்ல" என்று கத்திவிட்டேன். சுத்தியலை அப்படியே கீழே வைத்தீர்கள். உங்கள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த நினைப்பே உங்களுக்கு இருந்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு எனக்குக் கோவம் வந்தது உன் மேல இல்ல செலின். அந்த ஸ்டூடியோக்காரன் மேல. இருக்கிற பொண்ண அழிச்சிட்டு இல்லாத பொண்ண வரைஞ்சு வச்சிருந்தான்" என்றீர்கள். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து. இதைச் சொல்ல இத்தனை வருஷமா, மனுஷா?

அடுத்த ஞாயிறு சூரியனை விட்டுக்கொடுத்தீர்கள். என் முகத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் வந்து, முகத்தை மட்டும் முள்ளுக்குக் காட்டி, அந்தக் கணக்கை மாற்றாமல் பின்னால் போய் எடுத்தீர்கள். முகம் வந்தது. ஆனால் என் முகம் இல்லை, சாம்பல் பூசிய மாதிரி ஒரு வெளுப்பு. தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

"இந்த முள்ளுக்கு அறிவே கிடையாது. வெள்ளைச் சுவத்தக் காட்டுனாலும் கரிமூட்டையக் காட்டுனாலும் எல்லாம் ஒரே சாம்பல் கலராத்தான் வரணும்னு நெனைக்கும். உன் முகத்தப் பார்த்தா அது சொல்றதுக்கு ஒரு படி கொறைக்கணும். அப்பத்தான் நீ நீயா வருவே" என்றீர்கள். அதற்கடுத்த வாரம் ஒரு படி குறைத்து எடுத்ததில் நான் நானாக வந்தேன். சூரியன் வெந்து, வானம் வெறும் காகிதமாகப் போயிருந்தது. உங்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். எனக்கு இல்லை.

இந்தக் கதையை ஆக்னஸிடம் சொன்னேன். எட்டு நாள் யோசித்துவிட்டு, "எனக்கும் அங்கதான் எடுக்கணும். நீங்கதான் எடுக்கணும். ஆனா அப்பாவோட சூரியனும் இருக்கணும், என் மூஞ்சியும் இருக்கணும்" என்றாள். உங்கள் பிடிவாதமும் என் பிடிவாதமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும்? "ரெண்டும் வராதுடி, உங்கப்பாவாலயே முடியல" என்றேன். கேட்கிறாளா?

மாசி மாதம், பனி விலகின ஒரு சனிக்கிழமை. ஞாயிறென்றால் மறுபடியும் பூசைக்குப் பிந்திப் போகும் என்றுதான் சனிக்கிழமை. சூரியன் கடலை விட்டு ஒரு முழம் ஏறியிருந்தது. சூரியனைப் பார்த்துத் திருகினால் பெண் கரி. பெண்ணைப் பார்த்துத் திருகினால் சூரியன் காணோம். நாலு படம் வீணாய்ப் போயிற்று. அவளுக்குக் கால் வலி, எனக்குக் கோபம்.

அப்போது காமிராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணெதிரே அவள் முகத்தில் பளிச்சென்று வெளிச்சம் விழுந்து ஓடியது. நிமிர்ந்தேன். மண்டபத்தூர் அஞ்சலை, நம் தெருவுக்கு மீன் கொண்டுவருபவள், படகு பார்க்க வந்தவள், காலி அலுமினிய அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கமாகக் கடந்து போய்க்கொண்டிருந்தாள். கடலில் இருந்து வந்த வெயில் கூடையில் பட்டுப் பெண் முகத்துக்குப் போயிருக்கிறது.

"அஞ்சலை, அப்படியே நில்லு! ஆடாத!"

"ஏம்மா, என்னத்த மிதிச்சுட்டேன்?" என்று பயந்துபோய் நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டுக் கூடையைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். உள்பக்கத்தைக் காட்டியபோது ஆக்னஸுக்குக் கண் கூசியது. "இரு தங்கச்சி, வெளிப்பக்கம் கரடு தட்டிக் கெடக்கு, அது சொகமா இருக்கும்" என்று அவளே திருப்பிப் பிடித்தாள். முகத்தில் வெளிச்சம் மெதுவாகப் பரவி நின்றது. இப்படி ஒரு யோசனை உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? அஞ்சலை அப்போதும் அதே கடற்கரையில்தானே இருந்திருப்பாள்?

கிட்டே போய் அவள் முகத்தை முள்ளுக்குக் காட்டினேன். அப்பர்ச்சர் ஐந்து புள்ளி ஆறு என்றது. எண் ஏறினால் வெளிச்சம் இறங்கும் என்று நீங்கள் சொன்னதை நினைத்து நான் எட்டில் வைத்தேன். ஷட்டர் நூற்றி இருபத்தைந்து. ஒரு படி குறைத்ததில் அவள் நிறம் அவளுக்கு நின்றது, சூரியனும் கொஞ்சம் பிழைத்துக்கொண்டது. பின்னால் வந்து ஆறு படம் எடுத்தேன். கடைசியில் அஞ்சலையும் சேர்ந்து நிற்க ஆசைப்பட்டாள். அவள் போய் நின்றதும் கூடை பிடிக்க ஆள் இல்லாமல் இரண்டு பேரும் கரியாகிப் போனார்கள். அதையும் அவளுக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கலர் ரோல் என்பதால் மெட்ராஸ் போய்க் கழுவி வர பதினெட்டு நாள் ஆயிற்று. அந்தப் பதினெட்டு நாளும் எனக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கிற பிள்ளையின் நிலைமைதான். கவரைப் பிரிக்க ஆக்னஸ் விடவில்லை, அவளே பிரித்தாள். ஐந்தாவது படத்தில் நின்றுவிட்டாள். நீங்கள் பார்த்தால் குறை கண்டுபிடிப்பீர்கள். சூரியனுக்கு விளிம்பு சரியாக இல்லை, இடது காது கொஞ்சம் அதிகமாக மின்னுகிறது. ஆனால் சூரியன் இருக்கிறது. முகம் இருக்கிறது. நெற்றி உங்களுடையது, கருப்பு என்னுடையது. "அம்மா, இது நான்" என்றாள், அவ்வளவுதான்.

அந்தப் படத்தைத்தான் நாகப்பட்டினத்து வரனுக்கு அனுப்பினோம். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "பொண்ண நீயே கெடுத்துக்கிட்ட" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். பத்து நாள் பதில் இல்லை. பதினோராம் நாள், வருகிறோம் என்று கார்டு வந்தது.

பையன் பெயர் சேவியர், பாங்கில் வேலை. போன ஞாயிறு வந்தார்கள். ஆக்னஸ் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தபோது நான் அவளைப் பார்க்கவில்லை. அந்தப் பையன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு மாற்றமும் இல்லை. தெரிந்தவள் வருகிறாள் என்பதுபோல நகர்ந்து உட்கார்ந்து தட்டுக்கு இடம் விட்டான். அவனுடைய அம்மா, "போட்டோவுல எப்படியோ அப்படியே இருக்கா பொண்ணு" என்றார், சும்மா பேச்சுவாக்கில். அவருக்கு அது ஒரு வார்த்தை. நான் அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான், கவலைப்படாதீர்கள்.

இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது. வருகிற ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கிறார்கள். உங்கள் பெயரையும் வாசிப்பார்கள், காலஞ்சென்ற என்று சேர்த்து. அன்றைக்கு மட்டும் நேரத்துக்குப் போய் முன்வரிசையில் உட்காரப் போகிறேன்.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து கொடுக்கிறேன். இவர்களுக்கு ஒரு பிள்ளை பிறக்கும். எங்களைப் போல கருப்பாகத்தான் பிறக்கும், மாப்பிள்ளையும் ஒன்றும் வெளுப்பில்லை. அதன் முதல் படத்தை நான்தான் எடுப்பேன். யாரும் பவுடர் டப்பாவோடு வருவதற்கு முன்னால் எடுத்துவிடுவேன். தன் நிறம் இதுதான் என்று அந்தப் பிள்ளை யார் வாயாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது. பிறந்த நாளிலிருந்தே பார்த்துப் பழகிவிடும்.

இப்படிக்கு,
படத்தில் இருக்கிற நிறத்திலேயே நேரிலும் இருக்கிற
உங்கள் வீட்டுக்காரி,
செலின்