தோற்கப்போகிறவருக்கு ஒரு ஜெபம்

மார்ச் 3, செவ்வாய்

ஞாயிறு ஆராதனையில் ஊருக்காக ஜெபிக்கும் முறை இந்த வாரம் எனக்கு. அது தேர்தலுக்கு முந்தைய ஞாயிறாகப் பார்த்து வந்து விழவேண்டுமா? எங்கள் வார்டில் நகரசபைக்கு நிற்பது இரண்டே பேர்: என் சித்தப்பாவும், பாடகர் குழுவில் பாடும் பல் டாக்டர் ஆன்ட்டியும். இருவரும் எங்கள் சபைதான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த குடும்பங்கள் இப்போது ஆளுக்கொரு பக்கம். நடுவில் இருக்கும் நடைபாதையில் கர்த்தர் நிற்பார் என்று நினைக்கிறேன். அங்கேதான் இடம் இருக்கிறது.

மார்ச் 4

கடையை அடைத்ததும் சித்தப்பா நேராக இங்கே வந்தார்.

"பாப்பா, ஜெபத்துல என் பேரை ஒரு தடவ சொல்லிடு. சும்மா, போற போக்குல."

"அப்ப டாக்டர் ஆன்ட்டி பேரையும் சொல்லணுமே, சித்தப்பா."

"அவங்களுக்கு எதுக்கு? அவங்களே பல்லைக் கடிச்சுக்கிட்டு ஜெபிச்சுக்குவாங்க."

அம்மா சிரித்துவிட்டாள். நானும். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

என் புத்தக அலமாரியைச் செய்து தந்தவர் அவர். அதன் கீழ்த்தட்டு ஆடுகிறது, ஞாயிறு மாலை வந்து சரிசெய்கிறேன் என்றும் சொல்லிப் போனார். இவரிடம் எப்படி முடியாது என்பேன்?

மார்ச் 6

ஜெபத்தை மறுபடியும் திருத்தினேன். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். மிக நன்றாக இருக்கிறது. ஜெபம் இவ்வளவு நன்றாக இருக்கலாமா?

மார்ச் 7

கடைவீதியில் டாக்டர் ஆன்ட்டி. "நான் ஒண்ணும் கேக்கலம்மா. சபை வேற, அரசியல் வேற. 'பெண்களை எழுப்பும் ஆண்டவரே'ன்னு மட்டும் ஒரு வரி சேத்துக்கோ."

மார்ச் 8, ஞாயிறு

யார் பேரையும் சொல்லவில்லை. "ஜெயிக்கப்போகிறவருக்கு ஞானம் தாரும்" என்றேன். இரண்டு பக்கமும் ஆமென் — ஜன்னல் அதிர்ந்தது.

"தோற்கப்போகிறவருக்குச் சமாதானம் தாரும். அவரை எங்கள் பக்கத்தில் உட்காரவையும்."

ஒரு ஆமென்கூட இல்லை! சொன்னால் தோற்பது தங்கள் ஆள் என்று ஆகிவிடுமே. போதகர்கூட இருமினார். (ஆம், கண்ணைத் திறந்து பார்த்தேன்.)

வாசலில் சித்தப்பா: "என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே!"

மாலை வரவில்லை. அலமாரி ஆடுகிறது.

மார்ச் 9

அந்த வரியைக் கர்த்தருக்காகச் சேர்த்தேனா, இவர்கள் முகத்தைப் பார்ப்பதற்காகவா?

மார்ச் 12

டாக்டர் ஆன்ட்டி ஜெயித்துவிட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

டாக்டர் ஆன்ட்டி பக்கம் உட்கார இடமில்லை. சித்தப்பா பக்கத்துப் பெஞ்சுகள் காலி. ஒரே வாரத்தில் எல்லாருக்கும் டாக்டர் பக்கத்து மின்விசிறி பிடித்துப்போயிற்று. சித்தப்பா வரவே இல்லை.

மார்ச் 16

சித்தப்பா ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து கீழ்த்தட்டை முடுக்கினார்.

"அன்னைக்கு ரெண்டாவதா என்னமோ சொன்னியே. அதைத் திருப்பிச் சொல்லு."

சொன்னேன். திக்கித் திக்கித்தான் வந்தது. இந்த முறை கண்ணைத் திறக்கவில்லை.

"ஆமென்" என்றார். "வெளிய சொல்லிடாத."

"அடுத்த ஞாயிறு என் பக்கத்துல வந்து உக்காருங்க, சித்தப்பா."

"எந்தப் பக்கம்?" என்றார், பழக்கதோஷத்தில்.