வியாழக்கிழமைகளில் அப்பா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன், சளி போய்விட்டது, நீ கொடுத்துவிட்ட சாக்ஸ் இரண்டு ஜோடியும் இன்னும் தொலையவில்லை. உன் கையில் எண்ணெய் தெறித்த இடம் ஆறிவிட்டதா? போனில் கேட்டபோது ஆறிடுச்சு, ஆறிடுச்சு என்று இரண்டு தடவை சொன்னாய். உங்கம்மா ஒன்றை ரெண்டு தடவை சொன்னா அது பொய்னு வச்சுக்கோ என்று அப்பா சொல்வார், அதனால் மறுபடியும் கேட்கிறேன். மருந்தைத் தடவிவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டு சமை. இருநூறு பேருக்குச் சமைக்கிறவள் தன் கையைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் யார் பார்ப்பார்கள். இந்தக் கடிதத்தை நான் ஹாஸ்டல் பாத்ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன், பயப்படாதே, வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. ஒன்பதரைக்கு எல்லா அறையிலும் விளக்கை அணைத்துவிடுவார்கள், இங்கே மட்டும்தான் வெளிச்சம், அதுவும் ஆள் அசைந்தால்தான் எரியும். அசையாமல் எழுதினால் இரண்டு நிமிஷத்தில் அணைந்துவிடுகிறது. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நடுநடுவே சுவரைப் பார்த்து டாட்டா காட்டுகிறேன். யாராவது பார்த்தால் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு உன் கம்பெனி வேன் இந்தப் பக்கம் வரும்போது டிரைவர் மாமாவிடம் இதைக் கொடுத்தாக வேண்டும், அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை கொடுத்தால் நீ அங்கிருந்து கிளம்பியிருப்பாய்.

முதலில் வாரச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி அனுப்புகிற செய்தித்தாளை எல்லா அப்பா அம்மாவும் போனில் படிக்கிறார்கள், நீ சமைக்கிற அந்தச் சுரங்கத்துப் பக்கத்தில் சிக்னல் இல்லை, அதனால் வழக்கம்போல நான்தான் உன் செய்தித்தாள். நீச்சல் குளத்தில் ஒரு ஓடு பெயர்ந்து ஏழாம் வகுப்புப் பையன் காலைக் கிழித்துவிட்டது, இரண்டு வாரத்துக்குக் குளம் கிடையாது. செவ்வாய்க்கிழமை தீ விபத்து ஒத்திகை நடந்தது, மணி அடித்ததும் எல்லோரும் மைதானத்துக்கு ஓடினோம், முதல்வர் ஒரு காலில் மட்டும் ஷூவோடு வந்து நின்று நான்கு நிமிஷம் ஆகியிருக்கிறது, இது போதாது என்று எங்களைத் திட்டினார். அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் குழு தண்ணீர் வடிகட்டி செய்தது, விட்ட தண்ணீரைவிட வந்த தண்ணீர் அதிகக் கலங்கலாக இருந்தது, பார்க்க வந்த டீச்சர் இதை ரிவர்ஸ்ல வச்சிருக்கீங்களா என்று கேட்டார். புதிதாக ஒரு பியானோ மிஸ் வந்திருக்கிறார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்த வாரம் திங்கள்கிழமை வகுப்புப் புகைப்படம், புதன்கிழமை நூலகப் புத்தகங்களைத் திருப்ப கடைசி நாள், சனிக்கிழமை குடும்ப நாள். காலை பத்து மணிக்கு அணிவகுப்பு, பதினொன்றுக்கு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ஆட்களை எல்லோருக்கும் அறிமுகம் செய்ய வேண்டும், பிறகு சாப்பாடு. பத்து மாதத்தில் முதல் தடவையாக நீ வருகிறாய், லீவு கிடைத்துவிட்டது என்று சொன்னபோது நான் போனில் ஒன்றுமே பேசாமல் நின்றேன், உனக்கு நினைவிருக்கும். கம்பெனி போனுக்கு என் பின்னால எட்டுப் பேர் வரிசையில நிக்கிறாங்க, சந்தோஷமா இல்லையான்னாவது சொல்லுடி என்று கத்தினாய். சந்தோஷம்தான் அம்மா. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், வேலை நடுவே படிக்காதே, உட்கார்ந்து படி.

இங்கே வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹாஸ்டலில் வட்டம் என்று ஒன்று உண்டு. முப்பது பேரும் தரையில் வட்டமாக உட்கார வேண்டும், வீட்டிலிருந்து கடிதமோ மெயிலோ வந்தவர்கள் அதைப் படிக்க வேண்டும். பல நாட்டுப் பிள்ளைகள், அதனால் அவரவர் மொழியில் வந்ததைப் பார்த்து எல்லோருக்கும் புரிகிற மாதிரி இங்கிலீஷில் சொல்ல வேண்டும். எங்கள் வார்டன்தான் இதை நடத்துவார், கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், நான் மனதுக்குள் விசில் மிஸ் என்று கூப்பிடுகிறேன். முதல் ஐந்து மாதம் என் முறை வரும்போதெல்லாம் அடுத்த வாரம் வரும் மிஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத வராதுடி, கரண்டி பிடிக்கிற கை என்று நீ சொல்வாயே, எனக்குக் கோபம் இல்லை. பிறகு உன் கடிதம் வந்தது, ஒரு முழுப் பக்கம். அன்றைக்கு வட்டத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நல்லா சாப்பிடுறியா என்று நீ எழுதியிருந்ததைச் சொன்னேன், இங்கே மழை என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். அடுத்த வரி அப்பாவின் சட்டைகள். சட்டையெல்லாம் கொடுத்துட்டேன், நீலச் சட்டை ஒண்ணு மட்டும் வச்சிருக்கேன், மூக்குக்கண்ணாடியை என்ன செய்யறதுன்னு தெரியலை, பெட்டியில இருக்கு, கொடுத்துடவா, உனக்கு வேணுமா, எழுது என்று இருந்தது. என் வாய் அதைச் சொல்லவில்லை அம்மா. அப்பா தன் கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். இந்த இடத்துக்கு வந்து என்னால் யாராவது சிரித்தது அதுதான் முதல் தடவை. என் அறைத்தோழி, காலையில் எழுந்ததும் வரிசையாக ஏழு தும்மல் போடுவாள், அவள் பெயர் தும்மல், அவள் அன்றைக்கு இரவு தன் பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்து உங்க அப்பா இன்னும் என்னெல்லாம் பண்ணுவார் என்று கேட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் அதே பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அப்பாவைச் சொன்னேன். கண்ணாடியை முட்டையோடு சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மூன்று நாள் தேடியது, லிஃப்ட் ரிப்பேர் பண்ணும்போது கண்ணாடி குழிக்குள் விழுந்து அதன் ஒரு கால் உடைந்ததும் செப்புக் கம்பியால் சுற்றிக்கொண்டது, அதைப் போட்டுக்கொண்டு குளித்தது, நெற்றியில் ஏற்றிவிட்டு உன்னைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னதும் நீ சமைத்த கையோடு வந்து அவர் நெற்றியில் தட்டினதும். எல்லாம் நடந்ததுதான். தேதியை மட்டும் மாற்றினேன். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் நடந்ததை எல்லாம் இந்த வாரம் நடந்தது என்று சொன்னேன். தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, அதே பக்கம்தான் என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடி என்ற வார்த்தையை மட்டும் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள், சாப்பாட்டு வரிசையில் என்னைப் பார்த்தால் கண்ணாடி, கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். அப்பா இல்லை என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது அம்மா. வாரத்தில் ஒரு நாள் அவர் இருந்தார். மற்ற ஆறு நாளும் நான் அந்த ஒரு நாளுக்காக எழுந்து பல் தேய்த்தேன்.

இன்றைக்கு என்ன ஆயிற்று என்றால், புதிய பியானோ மிஸ் போனில் யாரோடோ தமிழில் பேசியதை விசில் மிஸ் கேட்டுவிட்டார். உடனே அவருக்கு ஒரு யோசனை, இத்தனை மாசமா இவ சொல்லித்தான் கேக்கறோம், அந்த மொழி எப்படி இருக்கும்னு நீங்க அப்படியே படிச்சுக் காட்டுங்களேன் என்று பியானோ மிஸ்ஸை வட்டத்துக்கு அழைத்து வந்துவிட்டார். பியானோ மிஸ் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கினார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது, அதைப் பார்த்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு படித்தார். அம்மா, உன் கடிதத்தை இன்றைக்குத்தான் சத்தமாகக் கேட்டேன். நீ பேசுவது மாதிரியே இருந்தது. சட்டை வரிக்கு வந்ததும் அவர் குரல் இறங்கியது, மூக்குக்கண்ணாடி என்று படித்தார், உடனே முப்பது பேரும் கொல்லென்று சிரித்தார்கள், தும்மல் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பியானோ மிஸ் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நீ அழாதே, நான் அழலை, நான் அழலை என்று நீ முடித்திருப்பாயே, அதுவரை மெதுவாகப் படித்து முடித்தார். இந்த வாரம் அவ அப்பா என்ன பண்ணினாராம் என்று விசில் மிஸ் கேட்டார். இது அவளோட லெட்டர், அவ சொல்றதுதான் நியாயம் என்று பியானோ மிஸ் காகிதத்தை என் கையில் வைத்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்பா கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். மறுபடியும் சிரிப்பு. அம்மா, அது நடந்ததே இல்லை. அதற்கு முன் சொன்னதெல்லாம் பழையது, ஆனால் நிஜம். இன்றைக்குச் சொன்னது மட்டும் நானாகச் செய்த அப்பா. அவர் எனக்கு யாரோ மாதிரி இருந்தார்.

வட்டம் முடிந்து தட்டு கழுவுகிற இடத்தில் பியானோ மிஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். உனக்கு என்ன வயசும்மா, பதிமூணா என்று கேட்டார். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா அடுத்த சனிக்கிழமை உங்கம்மா வந்து நிப்பாங்க, இந்த முப்பது பேரும் ஓடிப்போய் உங்க வீட்டுக்காரர் எங்க, கண்ணாடி கிடைச்சுதான்னு கேப்பாங்க, அவங்க என்ன பதில் சொல்லுவாங்க, யோசிச்சியா என்றார். நான் யோசிக்கவில்லை. என்னைப் பொய்க்காரி என்று சொல்வார்களே என்றுதான் பயந்தேன், உன் முகத்தை யோசிக்கவே இல்லை.

இங்கே வந்து உட்கார்ந்ததும் முதலில் நீ வர வேண்டாம் என்று எழுதினேன், அதைக் கிழித்துவிட்டேன். பிறகு யாராவது கேட்டால் அப்பாவுக்கு வேலை என்று சொல்லிவிடு என்று எழுதினேன். எழுதினால் நீ செய்வாய், எனக்குத் தெரியும். பள்ளி வாசலில் நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்று, அவருக்கு வேலை, அவருக்கு வேலை என்று சொல்வாய். இரண்டு தடவை சொல்வாய். எனக்கு அது இப்போதே கேட்கிறது. அதையும் கிழித்துவிட்டேன். அப்பா இறந்துவிட்டார். இதை நான் இதுவரை எங்கேயும் எழுதினதில்லை. எழுதினதும் விளக்கு அணைந்துவிட்டது, கொஞ்ச நேரம் கையைத் தூக்கவில்லை, இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் கதவைத் தட்டினார்கள், விசில் மிஸ் என்று நினைத்துப் பேனாவைக்கூடக் கீழே போட்டுவிட்டேன். தும்மல்தான். என்னடி, ஒரு மணி நேரமா உள்ளே என்ன பண்றே, வயிறு சரியில்லையா என்று கதவு இடுக்கில் கேட்டாள். அம்மாவுக்கு எழுதறேன் என்றேன். அப்போ உங்க அப்பாவை நான் கேட்டேன்னு ஒரு வரி போடு என்றாள். எல்லோரிடமும் உண்மையைச் சொல்ல அடுத்த வியாழக்கிழமை வரை காத்திருக்கலாம் என்று நினைத்திருந்தேன், அந்த ஒரு வரியைப் போட என்னால் முடியவில்லை. கதவைத் திறந்து சொல்லிவிட்டேன். அவள் வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஃபிரிட்ஜ் கதை என்றாள், நிஜம் என்றேன். கம்பி சுத்தினது என்றாள், நிஜம் என்றேன். சாவி என்றாள், அது பொய் என்றேன். என் மேலே கோபமா என்று கேட்டதற்கு, தெரியலை, காலையில சொல்றேன் என்றாள். அறைக்குப் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து விளக்கு அணையும்போதெல்லாம் அவள்தான் கையை ஆட்டுகிறாள். மற்றவர்களுக்கு அடுத்த வியாழக்கிழமை வட்டத்தில் நானே சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு என்ன ஆகும் என்று தெரியவில்லை, என்னோடு யாரும் உட்கார மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் நீ வந்து நிற்கும்போது உன்னிடம் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

நீ ஒரு கேள்வி கேட்டு ஐந்து மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு இருபது கடிதம் போட்டேன், நீச்சல் குளம், கண்காட்சி, சாக்ஸ் எல்லாம் எழுதினேன், அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை, நீயும் மறுபடி கேட்கவில்லை. எழுதினால் அவர் நிஜமாகவே போய்விடுவார் என்று இருந்தது. இப்போது எழுதுகிறேன். கொடுத்துவிடாதே, எனக்கு வேண்டும். வரும்போது எடுத்து வா. பெரிய பையில் அடியில் போடாதே, துணியில் சுற்றி உன் கைப்பையில் வை, கம்பி சுற்றின கால் சீக்கிரம் கழன்றுவிடும், எனக்குத்தான் அதைச் சுற்றத் தெரியும், அப்பா சுற்றும்போது டார்ச் பிடித்தது நான்தானே. தும்மல் பார்க்க வேண்டும் என்கிறாள்.

ஆசீர்வாதம் பெரியவர்கள் செய்வது. ஆனால் உனக்கு அங்கே பெரியவர்கள் யாரும் இல்லை, அதனால் நானே சொல்கிறேன், நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை ஆற வேண்டும், ராத்திரி தூக்கம் வர வேண்டும். வேனில் ஜன்னல் பக்கம் உட்கார், உனக்கு வாந்தி வரும். மறுபடியும் சொல்கிறேன், கண்ணாடியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
அப்பாவின் அசிஸ்டெண்ட்,
உன் மகள்