நர்சுப் பிள்ளையை யார் கட்டுவான்

12 ஜூன் 1967, திங்கள்

நேற்று மலையாண்டி மாமாவும் பொன்னுத்தாயி அத்தையும் வந்துவிட்டுப் போனார்கள். ஆவணியில் எனக்கும் அவர்கள் மகன் கோட்டைச்சாமிக்கும் கலியாணம் என்று பேசி முடித்த மாதிரிதான். என்னிடம் யாரும் கேட்கவில்லை. முறைப் பையன் இருக்கும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஆத்தா தன் அண்ணன் வந்த சந்தோஷத்தில் இரண்டு கோழி அடித்தாள். அப்பா இலையை விட்டுத் தலை நிமிரவில்லை. அவருக்கு மாமாவைக் கண்டால் ஆகாது. அதை வாய்விட்டுச் சொன்னால் வீட்டில் ஒரு வாரத்துக்கு உலை கொதிக்காது.

கோட்டைச்சாமி கெட்டவன் இல்லை. மஞ்சுவிரட்டில் பேர் வாங்கியவன். அவன் வீட்டில் பதினாலு மாடு, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். என்னை "ஏ பிள்ளை" என்பான். எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பிட்டு வெற்றிலை போடும்போது அத்தை சாக்கோட்டை ஆஸ்பத்திரி நர்சைப் பற்றிப் பேசினாள். "முப்பது வயசாச்சு, ஒத்தையாத்தேன் கெடக்கா. கண்ட ஆம்பளையையும் தொட்டுத் தூக்குற கை. நர்சுப் பிள்ளையை எவன் கட்டுவான்?"

அத்தையிடமிருந்து எனக்கு ஒரு நல்ல யோசனை கிடைத்தது இதுதான் முதல் தடவை.

24 ஜூன்

மதுரை மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து விண்ணப்பம் வந்துவிட்டது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும். பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும். மணமாகாதவராக இருக்க வேண்டும். பயிற்சியின்போது மணம் செய்துகொண்டால் நீக்கப்படுவார். கடைசி விதியை நாலு தடவை படித்தேன். எழுதிய புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

26 ஜூன்

அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். "மச்சினன்கிட்ட நான் வேண்டாம்னா சொல்றேன்? பிள்ளை படிக்கணும்ங்குது, நான் என்ன செய்யட்டும்?" என்று என்னிடமே ஒத்திகை பார்த்துக்கொண்டார். பேனாவை மூடும்போது சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆத்தா இரண்டு பேரிடமும் பேசவில்லை.

8 ஜூலை, சனி

மதுரை. நேர்காணல். முப்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து "சேவை, சேவை" என்று உருப்போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் போனவள் சேவையைச் சொல்லி அழுதே விட்டாளாம். நானும் சேவை என்றுதான் ஆரம்பித்தேன். தலைமை நர்ஸ் மேட்ரன் கையைக் காட்டி நிறுத்தினார். "மாடு கன்று போட்டால் கிட்ட நின்றிருக்கிறாயா?" என்று கேட்டார். நாலு கன்று இழுத்துப் போட்டிருக்கிறேன் என்றேன். ஒன்று கால் மாறி வந்ததையும் சொன்னேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "மாட்டாஸ்பத்திரிக்கா மனுப் போட்டே?" என்று கேட்டார்.

1 ஆகஸ்ட்

சேர்ந்துவிட்டேன். ஒரு அறையில் எட்டுக் கட்டில். ஐந்து மணிக்கு மணி அடிக்கிறது. வெள்ளைப் புடவை கட்டத் தெரியவில்லை, நடந்தால் கொசுவம் அவிழ்கிறது. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்க ஒரு காலை முழுவதும் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் பாயை உதறிப் போடுவோம், படுப்போம்.

17 ஆகஸ்ட்

ஆவணி பிறந்தது. நாள் முழுக்கப் பெட்பேன் கழுவினேன். கலியாணத்துக்கு இது தேவலை.

9 செப்டம்பர்

தேவலையா? சாணி அள்ளப் பயந்து ஓடி வந்தவள் நான். மாடாவது நம்மைக் கூப்பிட்டு "நல்லாத் தொடைச்சு விடு ஆத்தா" என்று சொல்லாது. கை நகத்தில் தரை கழுவுகிற லைசால் வாடை போகவில்லை. சோற்றை உருட்டினால் அதே வாடை.

கணக்கு இதுதான்: கோட்டைச்சாமிக்கு இருபத்தாறு ஆகிறது, மாமா காத்திருக்க மாட்டார். தையில் வேறு பெண் பார்த்துவிடுவார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் மாசியில் வீட்டுக்குப் போய்விடலாம். உடம்புக்குச் சேரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

3 அக்டோபர்

ஐந்தாம் கட்டில் பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கரண்டி வாயிலேயே நின்றுவிட்டது. நான் உயிர் போனது தெரியாமல் "முழுங்குங்க ஆத்தா, முழுங்குங்க" என்று கெஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஸ்டாஃப் நர்ஸ் வந்துதான் என் கையைப் பிடித்தாள். பிறகு இரண்டு பேருமாகக் குளிப்பாட்டி, தலை சீவி, கொண்டை முடிந்து விட்டோம். அதுவரை ஒன்றும் இல்லை. அறைக்கு வந்துதான் ஓன்னு அழுதேன். எனக்கு யாரு அந்தக் கெழவி? பேருகூடத் தெரியாது. எனக்கு என்னத்துக்கு இந்தப் பொழப்பு?

14 நவம்பர்

ஆத்தா கடிதம். பொன்னுத்தாயி அத்தைக்குக் காலில் முள் குத்திய புண் இரண்டு மாதமாக ஆறவில்லையாம். சாக்கோட்டைக் கம்பவுண்டர் தேனப்பன் ஊசி போட்டுப் போட்டு அலுத்துவிட்டாராம். "நம்ம பிள்ளை இருக்குற ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வாராக" என்று எழுதியிருக்கிறாள். நம்ம பிள்ளையாம்.

17 நவம்பர்

அத்தை வந்தாயிற்று. பெண்கள் வார்டு, கட்டில் பதினொன்று. சர்க்கரை வியாதி. கால் பிழைத்துவிடும், ஆனால் தினம் காலையில் இன்சுலின் ஊசி, உயிருள்ள வரைக்கும். டாக்டர் சொன்னதும் மாமா முகம் செத்துவிட்டது. அத்தை அழவில்லை. நான் தெர்மாமீட்டரை உதறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, ஊசி போடக் கத்துக் குடுத்துட்டாகளா?"

"இன்னும் இல்லை அத்தை. தை மாசம்தான்."

"தை மாசமா?" என்றாள். மனசுக்குள் என்னவோ கூட்டிக் கழித்தாள். அப்போது எனக்குப் புரியவில்லை.

20 நவம்பர்

புரிந்துவிட்டது. வார்டு முழுக்க நான் "என் மருமக". பக்கத்துக் கட்டிலில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "வீட்டோட நர்சு இருந்தா அந்தத் தேனப்பன் வாசல்ல நான் ஏன் காத்துக் கெடக்கணும்? காலையில எந்திரிச்சதும் மருமக ஊசியோட நிப்பா." கண்ட ஆம்பளையையும் தொட்ட கை என்ன ஆயிற்று என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. நோயாளியிடம் முகம் சுளிக்கக் கூடாது என்பது விதி.

26 நவம்பர், ஞாயிறு

அப்பா வந்தார். தனியே அழைத்துப் போய் என் காலைப் பார்த்துக்கொண்டு பேசினார். தை கடைசியில் முகூர்த்தம். ஊசி போடக் கற்றுக்கொண்டால் போதும், மிச்சப் படிப்பு வேண்டாமாம். "முடியாம கெடக்குறவளுக்கு எப்படித்தா இல்லைங்கிறது? உங்க ஆத்தா கிணத்துல விழுந்துருவேங்கிறா."

எந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேனோ, அது வழியாகவே பெண் கேட்டு வந்துவிட்டார்கள். போங்கப்பா.

இன்னொன்று. மாசியில் நானாகவே கிளம்பிவிடுவதாகத்தானே இருந்தேன்? அப்பா "படிப்பு வேண்டாம்" என்றதும் எனக்கு ஏன் அது பொறுக்கவில்லை?

30 நவம்பர்

அத்தைக்கு வேண்டியது ஊசி. ஊசி போட ஒரு கை. அந்தக் கை என்னுடையதாக இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? அவள் மகனுக்கும் இரண்டு கை இருக்கிறது. எங்களுக்குப் பாடம் நடத்தும் டியூட்டர் சிஸ்டரிடம் கேட்டேன். வீட்டு ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பது வழக்கம்தான், தான் கூட இருப்பதாகச் சொன்னார்.

3 டிசம்பர், ஞாயிறு

கோட்டைச்சாமி வந்தான். ஒரு கத்தரிக்காயும் சிரிஞ்சில் வெறும் தண்ணீரும் கொடுத்தோம். கத்தரிக்காய்க்கு நன்றாகவே போட்டான். பிறகு சிஸ்டர் அத்தைக்குப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னார். ஊசி தோலுக்குள் போனது, இவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். கண் செருகிவிட்டது. சிராவயல் மஞ்சுவிரட்டில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த காளையின் திமிலை விடாதவன்.

நான்தான் தலையைப் பிடித்து முழங்காலுக்கு நடுவே குனிய வைத்துத் தண்ணீர் தெளித்தேன். அவனை நான் தொட்டது அதுதான் முதல். அந்த நேரம் பார்த்து மேட்ரன் வந்தார். "இவருக்குக் கட்டில் எண் என்ன?" என்று கேட்டார்.

கண் திறந்து, "ஏ பிள்ளை, ஊர்ல சொல்லிராத" என்றான். பாவமாக இருந்தது. சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

5 டிசம்பர்

மாமாவுக்குக் கை நடுக்கம். வீட்டில் வேறு ஆள் இல்லை. முடிந்தது என் கதை.

7 டிசம்பர்

வேறு ஆள் இருக்கிறது. அத்தையே இருக்கிறாள்!

"எனக்கு நானேவா? படிக்காதவ நான்" என்று கத்தினாள். படிப்பு வேண்டாம், சிரிஞ்சில் இருக்கிற கோடுகளை எண்ணினால் போதும் என்றேன். சிரிஞ்சைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாற்பது வருஷம் பால் அளந்த கண். உழக்கில் ஒரு சொட்டுக் குறைந்தாலும் கண்டுபிடிப்பவள். மருந்தை இழுத்து, காற்றுக் குமிழியைச் சுண்டி வெளியேற்றி, சரியாகக் கோட்டில் நிறுத்தினாள். கூட நின்ற டியூட்டர் சிஸ்டர், மாணவிகளுக்கே இது வர மூன்று நாள் ஆகும் என்றார்.

12 டிசம்பர்

இன்று காலை சிஸ்டர் பார்க்க, தொடையைப் பிடித்துத் தானே போட்டுக்கொண்டாள். "இம்புட்டுத்தானா? இதுக்கா அந்தத் தேனப்பன் அம்புட்டுப் பவுசு காட்டுனான்?"

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நீ எதுக்குடி எனக்கு?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

20 டிசம்பர்

அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற அன்று அடுத்த கட்டிலில் சொன்னது என் காதில் விழுந்தது: "ஆம்பளை வார்டுலயும் வேலையாமில்ல. நம்ம வீட்டுக்கு அது சரிப்படாது."

கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. இதற்காகத்தானே இந்த ஆறு மாதமும்? நான் வேண்டாம் என்று சொல்லலாம். அவர்கள் எப்படிச் சொல்லலாம்?

11 பிப்ரவரி 1968

முதல் ஆறு மாதம் தேறியவர்களுக்குத் தருகிற வெள்ளைத் தொப்பி கொடுத்தார்கள். அப்பா வந்தார். "கொக்கு மாதிரி இருக்கே" என்றார். ஆத்தா வரவில்லை.

28 பிப்ரவரி

மாசி பாதி போய்விட்டது. உடம்புக்குச் சேரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். நாளைக்கு முடியாது, சர்க்கரை வியாதிக்காரம்மா ஒருத்திக்கு ஊசி சொல்லிக் கொடுக்க டியூட்டர் என்னைப் போட்டிருக்கிறார். கத்தரிக்காய் வாங்க வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம்.

2 ஏப்ரல்

அடுத்த வாரம்.

19 மே

கோட்டைச்சாமிக்குக் கலியாணப் பத்திரிகை வந்திருக்கிறது. பெண் இளையாத்தங்குடிப் பக்கம், நாகவல்லி. மேட்ரன் ஒரு நாள்தான் லீவு தந்தார்.

7 ஜூன் 1968, வெள்ளி

நேற்றுக் கலியாணம். அதிகாலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அத்தை முகூர்த்தத்துக்கு முன் எல்லாப் பெண்களையும் கூட்டி வைத்துக்கொண்டு ஊசி போட்டுக் காட்டினாள். கம்பவுண்டர் தேனப்பனும் விருந்துக்கு வந்திருந்தார். அவருக்கே ஊசியைப் பிடிக்கிற முறையைச் சொல்லிக் கொடுத்தாள். ஆத்தா என் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் என் இலையில் இரண்டு தடவை பாயசம் விடச் சொன்னாள். யாரும் எனக்கு மாப்பிள்ளை பேசவில்லை. நான் நினைத்தபடியே எல்லாம் நடந்துவிட்டது.

மத்தியானம் பெண்ணோடு இருக்கச் சொல்லி உள்ளறைக்கு அனுப்பினார்கள். நாகவல்லி என் வயதுதான். மாலையைக் கழற்றி வைத்திருந்தாள், கழுத்தில் தாலிக் கயிற்று மஞ்சள் ஒட்டியிருந்தது. வெளியே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நர்சுப் படிப்புக்கு எம்புட்டு மார்க்கு வேணும்?"

"ஏன் கேக்குற?"

"சும்மாத்தேன். போன வருசம் எனக்கு முந்நூத்தி எழுவத்திரண்டு. எங்க பள்ளிக்கூடத்துல அதுதேன் எல்லாரையும்விடக் கூட. வீட்டுல கேக்கணும் கேக்கணும்னே இருந்தேன், அதுக்குள்ள இவுக வந்துட்டாக." கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டாள். "நீங்க எம்புட்டு அக்கா?"

நானும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்று சொன்னேன்.

நான் வாங்கியது முந்நூற்று நாற்பத்தொன்று.