‘வருவார்’ என்று போட்ட டிக்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து காற்று. மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. நிர்வாகக் கட்டிட வாசலில் கட்டிய பேனர் இரண்டு முறை அவிழ்ந்தது. ‘ஊழியர் நல வாரம்’. இரண்டாம் முறை கட்டியபோது ‘நல’ மடிப்புக்குள் போய்விட்டது. ‘ஊழியர் வாரம்’. யாரும் கவனிக்கவில்லை. நானும் சரிசெய்யவில்லை.

இன்று:
– நடைப் போட்டி தொடக்கம் (செல்போனில் அடி எண்ணும் ஆப்)
– நாளைய பி.பி. முகாமுக்கு நாற்காலி 12
– பழமா பிஸ்கட்டா? விஜயா மேடம் இன்னும் சொல்லவில்லை
– நோட்டீஸ்

நோட்டீஸின் கடைசி வரி நான் சேர்த்தது. ‘உங்கள் உடல்நல விவரம் யாருக்கும் சொல்லப்படாது.’ எங்கள் பிரிவுக்கு மேடம்தான் தலைவர். படித்துவிட்டு, “இது நல்லாருக்கு. இதை மட்டும் பெரிய எழுத்துல போடு” என்றார். என் உளவியல் எம்.ஏ.வுக்கு இந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைத்த முதல் பாராட்டு.

நடைப் போட்டியில் கூட்டிப் பெருக்கும் மாராத்தா அக்காவையும் சேர்த்தேன். அவரிடம் அந்த மாதிரி போன் இல்லை. ஆபீஸ் போனை இடுப்பில் சொருகிவிட்டேன். மதியத்துக்குள் பதினோராயிரம் அடி. முதல் மாடிப் பேராசிரியர் ஒருவர் இருநூற்று நாற்பது.

“நடக்கறதுக்குப் பரிசு குடுப்பாங்களா அம்மணி?”

“ஆமாங்க்கா.”

“அப்ப உக்காந்தே இருக்கறவீங்களுக்குத்தான் சம்பளமாட்ட இருக்குது.”

சொல்லிவிட்டுத் துடைப்பத்தோடு போய்விட்டார். மேடம் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன்.

மாலை, சோமனூர் போகும் பல்கலைக்கழக பஸ். ஏழாம் நம்பர். டிரைவர் பழனிச்சாமி அண்ணனுக்குப் பின்னால் என் வழக்கமான சீட். எல்லோரும் உட்கார்ந்த பிறகு கண்ணாடியில் பார்த்து “போலாமுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். மாணவர்கள் காதில் எல்லாம் பாட்டு. யாரும் பதில் சொல்வதில்லை. நான் தலையாட்டுவேன். அது போதும் அவருக்கு.

கிளம்புவதற்கு முன் அவரைப் பிடித்தேன்.

“நாளைக்கு முகாமுக்கு வந்துருங்ணா.”

“எனக்கென்னங்க அம்மணி, கல்லாட்ட இருக்கறேன்.”

“டிரைவருங்க ஒருத்தருமே பேரு குடுக்கலைங்ணா. நீங்க வந்தா நாலு பேரு வருவாங்க.”

“ரிசல்ட்டு யாருக்குப் போகுமுங்க?”

“யாருக்கும் போகாதுங்ணா.”

“யாருக்கும்னா... யாருக்குமுங்களா?”

“யாருக்குமே.”

கண்ணாடியில் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு “போலாமுங்களா?”


ஆகஸ்ட் 5, செவ்வாய்

தூறல். முகாம். பிஸ்கட்தான் (மேடம் முடிவு). நல மையத்து வாசலில் செருப்புகளின் கூட்டம். செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். டிரைவர்களுக்கு வலது குதிகால் மட்டும் தேய்ந்திருக்கிறது. ப. அண்ணனுடையது இருப்பதிலேயே பெரியது. தேய்ந்த இடத்தில் சைக்கிள் டயர் துண்டு வைத்து ஆணி அடித்திருக்கிறார்.

அவர் வந்ததால் ஆறு டிரைவர்கள் வந்தார்கள். பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

அவருக்கு 172/108. நர்ஸ் ஜரீனா அக்கா பத்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். 170/108.

“தலைவலி, மயக்கம் ஏதாச்சும் இருக்காண்ணா?”

“ஒன்னுமில்லீங்க.”

“மாத்திரை எடுக்கறீங்களா?”

“ஒன்னுமில்லீங்க.”

“வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு டாக்டர் வர்றாங்க. கட்டாயம் வந்து பாத்துருங்க.”

எழுந்தார். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். “சரிங்க, வாரேனுங்க.”

பதிவேடு என் கையில். கடைசிக் கட்டம்: ‘மறுபரிசோதனைக்கு வருவாரா? ஆம் / இல்லை.’ நான் வடிவமைத்த கட்டம். ஆம் – டிக்.

முகாம் முடிந்ததும் ஜரீனா அக்கா: “கூடுதலா இருக்கறவங்கள்ல வரமாட்டேன்னவங்க பேரை மட்டும் தனியா எழுதிக் குடு. டாக்டருக்கு இன்னைக்கே போன் பண்ணிடறேன். வர்றேன்னவங்க எப்படியும் வரத்தானே போறாங்க.”

மூன்று பேர் எழுதினேன். அவர் பெயர் அதில் இல்லை.


ஆகஸ்ட் 6, புதன்

சிரிப்பு யோகா. நாற்பது பேர் வட்டமாக நின்று, சொன்னவுடன் சிரித்தோம். முதலில் பொய். பிறகு அந்தப் பொய்யைப் பார்த்து உண்மையாகவே சிரிப்பு வந்தது. கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் முடிந்த பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். ரொம்ப நேரம். என்ன என்று கேட்பது என் வேலை. கேட்கவில்லை. கை தட்டிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போனோம்.

தலைக்கு வைக்கும் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

‘நலம்’. கடிதத்தில் எழுதுவோம், நலம், நலமறிய ஆவல். பதில் வரும்வரை அது கேள்வி. எங்கள் பேனரில் அது ஏற்கெனவே பதில்.


ஆகஸ்ட் 7, வியாழன்

இரண்டு மணி. மூன்று. மூன்றரை. ப. அண்ணன் வரவில்லை. நான்கு மணிக்கு டாக்டர் கிளம்பிவிட்டார். “ஒருத்தர் பாக்கி” என்றேன். “நாளைக்கு மதியம் ஒரு நடை வர்றேன், இருந்தா சொல்லு” என்றார்.

மாலை பஸ். கருமத்தம்பட்டி தாண்டி, வளைவும் இல்லை, ஆளும் இல்லை. வண்டி மெதுவாக ஓரம் கட்டி நின்றது. அண்ணன் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். தலை கொஞ்சம் குனிந்து. பின்னால் பாட்டு, சிரிப்பு, யாரோ முறுக்குக் கவரைப் பிரிக்கும் சத்தம். ஒரு நிமிஷம் இருக்கும். கண்ணை அழுத்தித் தேய்த்தார். வண்டி கிளம்பியது. இந்த முறை “போலாமுங்களா” இல்லை.

பேருந்தில் நாற்பதுக்கு மேல் பேர். அந்த பி.பி. எண் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அவரும் நானும்.

சோமனூரில் எல்லோரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

“ரெண்டு மணிக்கு வரலீங்களேண்ணா.”

“வண்டி கழுவிட்டு இருந்தேனுங்க.”

“மாத்திரை போட்டா சரியாயிருமுங்ணா. டாக்டரைப் பாத்துருங்க.”

இன்ஜினை நிறுத்தினார். “நம்ம ஆறுமுகம் அஞ்சாம் நம்பரு ஓட்டுனான். சக்கரைன்னு டாக்டரு எழுதிக் குடுத்தாங்க. இப்ப எங்கெ இருக்கறான்?”

“மெயின் கேட்டுலீங்ணா.”

“கேட்டுல. வர்ற வண்டி நம்பரெ நோட்டுல எழுதிக்கிட்டு. என்ற வண்டி உள்ள போறப்ப நிமுந்தே பாக்க மாட்டேங்கறானுங்க. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவீங்க.”

ஸ்டீயரிங்கைத் துணியால் ஒரு சுற்று துடைத்தார்.

“வால்பாறை ரூட்டுல பதினோரு வருசம் ஓட்டுனேன் அம்மணி. நாப்பது வளைவு. மஞ்சு எறங்குனா முன்னாடி ஒன்னுந் தெரியாது. வண்டி மேல ஒரு கீறல் விளுந்ததில்லே.”

“இன்னைக்கு நிறுத்துனீங்களேண்ணா.”

“தூசிங்க.”

தூறிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடி முழுக்க ஈரம்.

“நாளைக்கு மத்தியானம் வாங்ணா. நானும் கூட வர்றேன்.”

“சரிங்க அம்மணி. வாரேனுங்க.”

சொல்லிக்கொண்டே எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். இறங்கி ரோட்டில் நின்ற பிறகுதான் உறைத்தது.

எங்கள் பக்கம் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. போகிற எல்லோரும் சொல்வது ‘வாரேனுங்க’. சாவு வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவோம். பிறந்ததிலிருந்து காதில் இருக்கும் சொல். படிவம் கையில் இருந்தால் அதன் அர்த்தம் மறந்துவிடுகிறது எனக்கு.

செவ்வாய்க்கிழமை அவர் விடைபெற்றார். நான் அதற்கு ‘ஆம்’ போட்டேன்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

ஏழாம் நம்பர் பஸ்ஸில் போகவில்லை. அதை முதலில் எழுதிவிட வேண்டும்.

அம்மாவிடம் சீக்கிரம் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினேன். நின்றுகொண்டே. நீலாம்பூர் வரும்வரை என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அங்கேதான் தெரிந்தது. அந்த வண்டியிலிருந்து நான் மட்டும் இறங்கிக்கொண்டேன். மற்றவர்களை ஏற்றிவிட்டு.

மெயின் கேட். ஆறுமுகம் அண்ணனின் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒன்று, நான்கு, ஒன்பது, இரண்டு உள்ளே போயின. ஏழு வரவில்லை. அவர் நோட்டை நான் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தேன். 8.41. ‘7’ என்று எழுதினார். நிமிரவில்லை.

நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். எல்லோரும் இறங்கினார்கள். ஒரு பெண் ஈரத் தலையைப் பின்னிக்கொண்டே இறங்கினாள். கடைசியில் ப. அண்ணன்.

“ஏனுங்க அம்மணி, ஒடம்புக்குச் சொகமில்லீங்களா? ஸ்டாப்புல ரெண்டு நிமிசம் நின்னு பாத்தேன். காணோம்னுதான் எடுத்தேன்.”

எனக்காக நின்றிருக்கிறார். அதனால்தான் தாமதம்.

நல மையத்துக்குப் போனேன்.

“அக்கா, அந்த டிக் தப்பு.”

“எந்த டிக்?”

சொன்னேன். எண், நேற்று ரோட்டோரம், எல்லாம். ஜரீனா அக்கா கோட்டைமேட்டுக்காரர். எப்போதும் கிண்டல். இன்று இல்லை.

“வாரேன்னா வருவாங்கன்னு எழுதியிருக்கே. எங்க ஊட்டுல ஒறவு முறிச்சுட்டுப் போனவங்க கூட வாரேன்னுதான் சொல்லிட்டுப் போனாங்க. நீ இந்த ஊர்க்காரிதானே?”

“யாருக்கும் சொல்லமாட்டோம்னு அவர்கிட்ட நான்தான்க்கா சொன்னேன்.”

“டாக்டருக்குத்தானே சொல்றே.”

“டாக்டர் யாருக்குச் சொல்லுவாங்க?”

அக்கா போனை எடுத்தார். பதில் அதுதான்.

டாக்டர் பதினொரு மணிக்கே வந்துவிட்டார். அண்ணனைக் கூப்பிட்டார்கள். 178/110. மாத்திரை. இரண்டு வாரம் வண்டி எடுக்கக் கூடாது என்று போக்குவரத்துப் பிரிவுக்குக் கடிதம். கடிதத்தில் ‘தற்காலிகமாக’ என்ற சொல்லை டாக்டர் அடிக்கோடிட்டாராம். அதற்குப் பிறகு பஸ்ஸா, மெயின் கேட்டா என்பது அவர்கள் முடிவு. யாரும் உறுதி சொல்லவில்லை.

மூன்று மணிக்கு என் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“யாருக்கும்னா யாருக்குமுங்களான்னு கேட்டேனுங்களே.”

“கேட்டீங்ணா.”

காற்றில் கதவு ஆடியது. அவரே பிடித்து நிறுத்தினார்.

“நான்தான் சொன்னேங்ணா.”

“தெரியுமுங்க.”

போய்விட்டார். ஒன்றும் சொல்லாமல்.


ஆகஸ்ட் 9, சனி

வெயில். பரிசளிப்பு. முதல் பரிசு மாராத்தா அக்கா. யோகா பாய். மேடையிலேயே விரித்துப் பார்த்தார். “இதுல படுக்கறதுங்களா, மொளகா காயப் போடறதுங்களா?” எல்லோரும் சிரித்தோம். புதன்கிழமையைவிட நல்ல சிரிப்பு.

பகல் இரண்டு மணி பஸ். புது டிரைவர். இளைஞர். ப. அண்ணன் போக்குவரத்து அதிகாரியைப் பார்க்க வந்தவர், ஊருக்குத் திரும்ப அதே வண்டியில். இடப்பக்கம் முதல் சீட்டில் பயணியாக. மடியில் மாத்திரைக் கவர்.

வண்டி சட்டென்று கிளம்பியது. யாரும் கேட்கவில்லை. நான் பழக்கத்தில் தலையாட்டிவிட்டேன். எதற்கென்று இல்லாமல்.

வேகத்தடை வரும்போதெல்லாம் அண்ணனின் வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. லாரி குறுக்கே வந்தபோதும் அழுத்தினார். என் காலும் அழுத்தியது.

சோமனூருக்கு முந்தைய நிறுத்தத்தில் எழுந்தார். புது டிரைவரின் தோளில் தட்டி, “ரெண்டாவது கியரு சித்தெ இறுக்கமா இருக்கும் தம்பி, அமுக்காத, பொறுத்துப் போடு. வாரேன்.”

“திங்கக்கிழமை பத்து மணிக்கு பி.பி. மறுபடி பாக்கணுமுங்ணா” என்றேன். ஜன்னல் வழியாக. கொஞ்சம் சத்தமாகவே.

திரும்பவில்லை.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பாவின் தறிகள் இன்று ஓடவில்லை. சத்தம் நின்றால் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறோம்.

எண்ணெய் வாங்கினேன்.

சரியா தவறா என்று நாலு பக்கம் எழுதிக் கிழித்தேன். சொன்னது சரி. சொல்லமாட்டேன் என்று முதலில் சொன்னது தவறு. பெரிய எழுத்தில் வேறு.

அடுத்த மாதம் கண் முகாம். அதே நோட்டீஸை எடுத்துப் போடச் சொல்லி மேடம் செய்தி அனுப்பியிருக்கிறார். கடைசி வரியை மாற்றினேன்: ‘உங்கள் விவரம் டாக்டருக்குத் தெரியும். உங்களுக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்றால், உங்களிடம் சொல்லிவிட்டு, தேவையானவர்களுக்குத் தெரிவிப்போம்.’ நீளம். மேடத்துக்குப் பிடிக்காது. ஒருவேளை யாருமே வரமாட்டார்கள்.

‘உங்களிடம் சொல்லிவிட்டு’. வெள்ளிக்கிழமை நான் செய்யாதது அது.

பதிவேட்டில் ‘வருவாரா?’ கட்டத்தை எடுத்துவிட்டேன். பதிலாக: ‘வந்த நாள்.’ வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.


ஆகஸ்ட் 11, திங்கள்

மேகம். காற்று இல்லை. பஸ்ஸில் அவர் இல்லை. இளைஞர் இரண்டாவது கியரைப் பொறுத்துப் போட்டார்.

9.15 பேனர் கழற்றினேன்.
9.30 ஜரீனா அக்கா: “எதிர்பாக்காதே.” சரி என்றேன்.
9.52 நல மையத்து வாசல். ஒரே ஒரு ஜோடி செருப்பு. பெரியது. வலது குதிகாலில் டயர் துண்டு.