சூடு எத்தனை என்று கேட்கும் திரை

இன்று காலை மரம் உலர்த்தும் மூன்றாம் அறைக்குக் கணினியில் கட்டளை அடிக்கும்போது சூட்டை எழுத மறந்துவிட்டேன். திரை உடனே கேட்டது: “பானாஸ் பெராப்பா, போஸ்?” சூடு எவ்வளவு முதலாளி என்று மலாயில் ஒரு கேள்வி, அவ்வளவுதான். ஆனால் போன தீபாவளிக்கு முன்பே கண்ணை மூடிவிட்ட உன் குரல் அது. விரல் அப்படியே நின்றுவிட்டது.

வெளியே ஆவியில் வேகும் ரப்பர் மரத்தின் புளித்த வாடை. எங்கள் ஊர் மூவாரில் கிளம்பி, கடல் தாண்டி, சுமத்ராவில் படுத்திருக்கும் புலியைத் தும்ம வைக்கும் வாடை என்று நான் சொல்வேன். “தலைவரே, நம்ம ஃபேக்டரி கேட்டையே அது தாண்டாது லா” என்பாய் நீ.

நாற்காலி செய்யும் இந்தத் தொழிற்சாலையில் மரம் உலர்த்தும் பகுதிக்கு அப்போது நான் சக்கரவர்த்தி. நீ எங்கள் ஒரே கணினி ஆள். நீ எழுதிக் கொடுத்த நிரலில் பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை அடித்து, பின்னால் மூன்று எண்கள் போட வேண்டும்: அறை, சூடு, மணிநேரம். அந்த வரிசை மாறக் கூடாது.

நம் ஆட்களுக்கு வரிசை ஏது? கொதிகலன்காரர்கள் சூட்டை முதலில் சொல்வார்கள். லாரி ஏற்றுகிறவர்களுக்கு மரம் எப்போது வெளியே வரும் என்பதுதான் கவலை, அதனால் மணியை முதலில் சொல்வார்கள். ஒரு நாள் வாக்கி டாக்கியில் பேசியவன் லாரிக்காரன். “மூணாவது ரூம், தொண்ணூறு, அறுபது!” கட்டளை அடிக்கும் வேலையில் இருந்த செல்வி அப்படியே அடித்தாள். தொண்ணூறு மணிநேரம் அறுபது டிகிரியில் காய வேண்டிய மரம், தொண்ணூறு டிகிரியை நோக்கிக் கிளம்பியது.

முதலில் சத்தம்தான் வந்தது. அறைக்குள் ஆயிரம் யானைகள் ஒரே நேரத்தில் முறுக்கு தின்பது போல. செல்வி ஓடிவந்தாள். “அங்கிள், மரம் வெடிக்குது!” ஆவியை அடைத்துவிட்டுக் கதவைத் திறந்தோம். பலகைகள் நெடுகப் பிளந்து கிடந்தன.

தொழிற்சாலை முதலாளியான தவுக்கே வந்தார். மரத்தைப் பார்த்தார். யார் அழுத்தியது என்று ஒரே ஒரு கேள்வி. “சியாப்பா தெக்கான்?”

செல்வியின் முகம் வெளுத்தது. வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் அவள். லாயாங் லாயாங் என்ற ஊரிலிருந்து இந்த வேலையை நம்பித்தான் குடும்பத்தோடு மூவாருக்கு வந்திருந்தாள். நீ முன்னால் போய் நின்றாய்.

“செல்வி காதுல விழுந்ததைத்தான் அடிச்சாங்க, தவுக்கே. எண்ணை எப்படி மாத்திப் போட்டாலும் வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிற மாதிரி புரோகிராமை எழுதினது நான்.”

“அப்படியென்றால் இரண்டு பேரும் கிளம்புங்கள்” என்றார் அவர் மலாயில். பிறகு கொஞ்சம் யோசித்தார். தான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் நிரலைத் திருத்தி வைக்க வேண்டும் என்றும், வந்து தானே அடித்துப் பார்ப்பதாகவும், தன்னால் அதைக் கெடுக்க முடிந்தால் இரண்டு பேருக்கும் அன்றே கடைசி நாள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அடித்த வரியை வெட்டி, எது அறை, எது சூடு என்று பிரிக்கும் பகுதியை நீ கையாலேயே எழுதியிருந்தாய். காஹாங் ஊர்ச் செம்பனைக் காடுகூட அவ்வளவு அடர்த்தி கிடையாது. ஒரு ‘இஃப்’ நிபந்தனை, அதற்குள் ஒன்று, அதற்கும் உள்ளே இன்னொன்று.

“சூடு எழுபத்தஞ்சைத் தாண்டினா நிறுத்துன்னு இன்னொண்ணு சொருகு. முடிஞ்சது” என்று ஆலோசனை வழங்கினேன்.

“சூடு அறுபத்தஞ்சு, மணி எழுபதுன்னு வந்தா? மாத்திப் போட்டாலும் ரெண்டும் எல்லைக்குள்ளதான் நிக்கும். என்ன செய்வீங்க, தலைவரே?”

சக்கரவர்த்தி நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

நீ மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தாய். “அலமாக்! எல்லாத்தையுமா?” என்று கத்தினேன். செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

“இந்த வெட்டுற வேலையை நான் எதுக்குப் பாக்கணும்? பைத்தான் மொழியே பாத்துக்கும். பேரை மட்டும் நான் சொல்லிட்டா போதும்.”

ஒரே ஒரு ஃபங்ஷன். அதற்கு அறை, சூடு, மணி என்று மூன்று பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை. அடிப்பவர் எண்ணோடு அதன் பெயரையும் சேர்த்தே அடிக்க வேண்டும். காடு இருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்குச் சில வரிகள்தான் மிஞ்சின. இந்தச் சின்ன வேலியா தவுக்கேயைத் தடுக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வந்து உட்கார்ந்தார். பழைய மாதிரியே மூன்று எண்களை வெறுமனே அடித்தார். திரை மறுத்தது. மணியை முதலிலும் சூட்டைப் பிறகும் பெயரோடு அடித்தார். சரியாக எடுத்துக்கொண்டது. சூடு தொண்ணூறு என்றார். மறுத்தது. உன் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சூட்டையே விட்டுவிட்டு அடித்தார்.

“பானாஸ் பெராப்பா, போஸ்?”

தவுக்கே அந்த வரியை முறைத்தார். பிறகு, எதிரே நிற்கும் ஆளுக்குப் பதில் சொல்வதுபோல, ‘60’ என்று அடித்தார். எழுந்தார். “செல்வி, மரம் ஏற்று” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியிலும் நீ மாறவில்லை. மிஸ்ஸி என்று நாம் கூப்பிடும் நர்ஸ் வந்து நூற்றிருபது, எண்பது, தொண்ணூற்றாறு என்று ஒப்பித்தபோது, அந்தக் குழாய்களுக்கு நடுவிலிருந்து கேட்டாய்: “எது என்னன்னு பேர் சொல்லுங்க, மிஸ்ஸி.” அதுதான் நான் கேட்ட உன் கடைசிப் பேச்சு.

போன வாரம் ஜொகூர் பாருவிலிருந்து புதிதாக வந்த இன்ஜினியர், பெயர்களை எடுத்துவிட்டால் சீக்கிரம் அடிக்கலாமே என்றார். இப்போது மரம் உலர்த்தும் பகுதியை எனக்குப் பதிலாக நடத்துகிறவள் செல்வி. தலையைக்கூடத் தூக்கவில்லை. “அது மேல கை வைக்காதீங்க, சார்.”

காலையில் மறந்தது உண்மை. மாலையில் நான்காம் அறைக்கு அடிக்கும்போது சூட்டை வேண்டுமென்றேதான் விட்டேன். நீ கேட்டாய். கொஞ்ச நேரம் உன்னைக் காக்க வைத்துவிட்டு, அறுபது என்றேன்.