சனிக்கிழமைச் சந்தை

செவ்வாய்க்கிழமை, நோர்பரி

இணையக் கலைக்களஞ்சியத்தில் யாரும் எழுதாத ஊர்களைப் பற்றி எழுதுவது என் பொழுதுபோக்கு. போன வாரம் ஜாவாவில் உள்ள ஒரு சிறிய விவசாயக் கிராமத்தைப் பற்றி எட்டு வரி எழுதினேன். நெல், மரவள்ளி, ஒரு வாய்க்கால், ஒரு பள்ளிவாசல், ஒரு சந்தை. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் யூனியின் ஊர் அது.

இன்று தேநீர் இடைவேளையில் அவளிடம் காட்டினேன். “சனிக்கிழமைதோறும் சந்தை கூடும்” என்ற வரியைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அவள் தந்த படம் ஒரு சனிக்கிழமை எடுத்தது. மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன். அங்கே சந்தைக்கு ஐந்து நாள்தான் வாரமாம். இன்று கூடினால் அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமையை நம்பிப் போகிறவன் பெரும்பாலும் வெறும் கொட்டகையைத்தான் பார்ப்பான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“ஆர் உதையெல்லாம் வாசிக்கப்போகினம்? விடுங்கோப்பா,” என்றாள்.

வாசிப்பார்கள். நான் லண்டனுக்கு வந்த புதிதில், அகதி விசாரணையில், என் ஊர்ச் சந்தை எந்த நாளில் கூடும் என்று அதிகாரி கேட்டார். செவ்வாயும் வெள்ளியும் என்றேன். அவரிடம் இருந்த, எங்கள் ஊரைப் பற்றி யாரோ எழுதிவைத்த தகவல் தாளில் ஞாயிறு என்று இருந்தது. நான் அந்த ஊர்க்காரனே இல்லை என்று எழுதிவிட்டார்கள். அதை மாற்ற நாலு வருஷம் பிடித்தது.

சனிக்கிழமையை அழித்துவிட்டேன்.

அந்தத் தாளை எழுதியவனை இத்தனை வருஷமும் அயோக்கியன் என்றே நினைத்திருந்தேன்.